ஆதனூருக்குப் போகும் தண்ணீர்

கூடுவாஞ்சேரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மின்சார ரயில், ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக், 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று சத்தியம் பண்ணும் மனை விளம்பரம்... இவ்வளவுதானே? அடையாறு ஞாபகத்துக்கு வருமா? வராது.

சைதாப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்த அடையாறு பிறப்பதே இந்தப் பக்கத்து ஏரிகளில்தான். மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர் என்று ஒன்றுக்கொன்று சொந்தபந்தமான ஏரிகள். நந்திவரம் ஏரி நிரம்பினால் உபரி நீர் ஊரைக் கடந்து ஆதனூர்ப் பக்கம் போகும். அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாக அடையாறு. சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கம் பக்கத்தில் கடல். ஆற்றின் தாய்வீடு ஒரு மலையோ, அருவியோ இல்லை. நெல் வயல்களுக்காக மனிதன் கட்டிய ஏரிகளின் கோடி! 'கோடி' என்றால் பணம் இல்லை. ஏரி நிரம்பி வழிகிற இடம். "ஏரி கோடி போகுது" என்று செங்கல்பட்டுக் கிராமங்களில் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்த வருஷம் சோற்றுக்குக் கவலை இல்லை என்று அர்த்தம்.

(மணிமங்கலம் என்றதும் ஒரு சின்ன இடைச்செருகல். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியும் பல்லவன் நரசிம்மவர்மனும் ஏழாம் நூற்றாண்டில் மோதிக்கொண்ட போர்க்களங்களில் இதுவும் ஒன்று. புலிகேசி தோற்றான். தோற்றவன் பெயரில்தான் நாம் சினிமா எடுத்தோம்!)

சென்னையின் ஆறு ஏன் நாறுகிறது என்று கேட்டால் எல்லோரும் சாக்கடையைச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால், அதற்கு முன்னால் ஒரு நீளமான கதை இருக்கிறது. அது வயலில் ஆரம்பிக்கிறது.

நெல் வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏரி, மதகு, வாய்க்கால், மடை. எப்படிப் போகிறது என்று யாராவது யோசித்திருக்கிறோமா? போகத்தான் வேண்டும். போகாவிட்டால் வேர் அழுகும். தேங்கிய நீர் வெயிலில் வற்றி, உப்பு மேலே பூத்து, நிலம் களராகிவிடும். மெசபடோமியா மாதிரி பெரிய நாகரிகங்களே தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தும், வடிக்கத் தெரியாமல் நிலத்தை உப்பாக்கிக்கொண்டு திண்டாடியிருக்கின்றன. அதனால்தான் பாசன வாய்க்காலுக்குச் சமமாக வடிகாலும் முக்கியம்.

நம்ம ஊர்க்காரர்கள் இதில் ஒரு காரியம் செய்தார்கள். மேட்டு ஊரின் வடிகாலைக் கீழ் ஊர் ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஏரி நிரம்பி, அதன் வயலில் பாய்ந்து, வடிந்தால் அடுத்த ஏரி. ஒருத்தர் கழித்த தண்ணீர் அடுத்தவருக்குப் பாசனம்! செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து, அரசின் நீர்வளத்துறைப் பொறுப்பில் இருக்கும் ஏரிகள் மட்டும் தொள்ளாயிரத்தைத் தாண்டும். ஊராட்சிகளின் சின்ன ஏரி, குளம், குட்டை தனிக் கணக்கு. மழை பெய்யும் இரண்டு மாதத் தண்ணீரை வருஷம் பூராவும் கையைக் கையை மாற்றி அனுப்பும் ஏற்பாடு இது.

இங்கேதான் ஒரு சிக்கல். தண்ணீர் மட்டுமா கை மாறும்? அதில் கரைந்ததெல்லாம் கூடவே போகுமே?

போனது. ஆனால், அந்தக் காலத்தில் வயலில் போட்டது என்ன? மாட்டுச் சாணம், ஆட்டுக்கிடை, கொளுஞ்சி, புங்கந்தழை, எருக்கு. இவை மெல்ல மக்கும். தண்ணீரோடு போகிற சத்தில் பெரும்பகுதி சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரியின் அடியில் வண்டலாகப் படியும். கோடையில் ஏரி வற்றியதும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு இறங்குவார்கள். வண்டலை வெட்டி, மறுபடி வயலில் கொட்டுவார்கள். ஏரியும் ஆழமாச்சு, வயலுக்கும் உரமாச்சு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரியில் மண் எடுக்கும் ஓடங்களுக்காகப் பொன்னும் நிலமும் கொடுத்த செய்திகள் வருகின்றன. கோயிலுக்கு விளக்கு எரிக்கக் கொடுத்த மாதிரியே ஏரிக்குத் தூர் எடுக்கவும் தருமம்!

உத்திரமேரூர் போயிருப்பீர்கள். போகாவிட்டாலும் குடவோலை பற்றி ஸ்கூலில் ஐந்து மார்க் கேள்விக்குப் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். அதில் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியத்தோடு ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு, ஆறு பேர். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல... அவருடைய நெருங்கிய உறவுகளும் வர முடியாது! இந்த ஒரு விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் எத்தனை உள்ளாட்சியில் ஆள் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கும்பினி வந்தது. 1763ல் ஆற்காடு நவாப் முகமது அலி, வாங்கிய கடனுக்கும் உதவிக்கும் பதிலாகச் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினீயர் சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கைக் காந்தியவாதி தரம்பால் பிற்பாடு ஆவணங்களில் தேடிப் பிடித்தார். அதைப் படித்தால் ஒன்று புரியும்: களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, வெட்டியானுக்கு, தச்சருக்கு என்று பிரிக்கும் வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது. சர்க்கார் எடுப்பதற்கு முன்னால் ஏரி எடுத்துக்கொள்ளும்.

1780ல் ஹைதர் அலியின் படை இந்தச் சீமையில் புகுந்தது. ஊர்கள் காலி. கரைகள் உடைந்து கிடந்தன. அதற்குப் பிறகு 1794ல் கலெக்டராக வந்தவர்தான் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிறாரே, அவரேதான். அடாத மழையில் ஏரி உடையும் என்று நடுங்கிக்கொண்டு போன துரை, கரையில் இரண்டு வில்லாளிகள் காவல் நிற்பதைப் பார்த்தாராம். அந்த நன்றிக்குத் தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தாராம். கதையை நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால், ஏரிகளைச் செப்பனிடுவதில் மனிதர் ஆர்வம் காட்டியது நிஜம். பக்தியா? ஏரி இருந்தால்தான் நெல். நெல் இருந்தால்தான் கிஸ்தி. நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

இதே பிளேஸ் துரையின் பெயர் இன்னொரு இடத்திலும் வருகிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல். ஊர் பெயரே வேடர்கள் தங்கிய இடம் என்று சொல்கிறது. சின்ன ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். மழைக்குப் பிறகு கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என்று ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். இந்தப் பறவைகளை வெள்ளைக்கார சிப்பாய்கள் பொழுதுபோக்காகச் சுட்டுத்தள்ள, ஊர் ஜனங்கள் நேராகக் கலெக்டரிடம் போனார்கள். 'எங்கள் பறவையைச் சுடக் கூடாது' என்று உரிமைச் சீட்டு வாங்கினார்கள். கௌல் என்பார்கள். 1798 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பின்னர் 1858ல் செங்கல்பட்டு கலெக்டர் உத்தரவு அதை உறுதி செய்தது.

ஏன் இத்தனை அக்கறை? ஜீவகாருண்யம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தார்கள். பறவைகள் மரத்தில் உட்கார்ந்து எச்சம் போடும். எச்சம் ஏரியில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் ஒரு படி கூடுதலாக விளையும்! தழைச்சத்து, மணிச்சத்து என்று இன்றைக்கு வேளாண்மை அதிகாரி சொல்வதெல்லாம் அதில் இருக்கிறது. நைட்ரஜன் என்ற பெயரே இந்த ஊருக்கு வந்து சேராத காலத்தில், அதைத் தண்ணீரோடு சேர்த்து வயலுக்கு அனுப்பும் கணக்கை வேடந்தாங்கல்காரர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இந்தப் பறவைகள் வேடந்தாங்கலில் கூடு கட்டுமே தவிர, இரை தேடுவது பெரும்பாலும் வெளியூரில். சுற்றுவட்டார ஏரி, வயல், மடு என்று போய் மீனும் நத்தையும் தவளையும் பிடித்துக்கொண்டு வரும். அந்த மீனும் நத்தையும் எதைத் தின்று வளர்ந்தன? வயலிலிருந்து வடிந்து போன சத்தை. அதாவது, சுற்றியுள்ள ஊர்களின் வடிகாலில் தொலைந்துபோன உரத்தைப் பொறுக்கிச் சேர்த்து, ஒரே ஏரியில் கொண்டுவந்து கொட்டும் வேலையை இந்தக் கொக்கும் நாரையும் சம்பளமில்லாமல் செய்துவந்திருக்கின்றன.

சத்து சுற்றிச் சுற்றி வந்த இந்தக் கணக்கு எப்போது பிசகியது?

1906ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் தயாரிக்க ஆரம்பித்தது. அதெல்லாம் சின்ன அளவு. உண்மையான திருப்பம் அறுபதுகளின் கடைசியில் வந்தது. 1966ல் பிலிப்பைன்ஸில் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல் இங்கே வந்து சேர்ந்தது. குட்டையான பயிர், எவ்வளவு யூரியா போட்டாலும் சாயாமல் நிற்கும். வடஆற்காட்டு விவசாயி ஒருவர் அந்த விளைச்சலைப் பார்த்து, தன் மகனுக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்தார்! எழுபதுகளில் மணலி உரத்தொழிற்சாலை மூட்டை மூட்டையாகத் தள்ள ஆரம்பித்தது. நம் வயிறு நிறைந்தது. ரேஷன் கியூவில் அமெரிக்கக் கோதுமைக்கு நின்ற தலைமுறையிடம் போய் 'யூரியா கெட்டது' என்று பேசினால் அடிக்க வருவார்கள். வரவும் வேண்டும்.

ஆனால், யூரியாவுக்கு ஒரு குணம். கையால் தொட்டால் கூடக் கசியும். தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரையும். நெல்லுக்குப் போடுவதில் பாதிக்கும் குறைவாகத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பகுதி காற்றில் போகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. உரம் தூவிய ராத்திரியே ஒரு மழை அடித்து, வரப்பு வாயும் திறந்திருந்தால்... ஒரு பகுதி நேராக வடிகாலுக்கு. டி.ஏ.பி.யில் இருக்கும் பாஸ்பரஸ் வேறு மாதிரி. அது மண் துகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கலங்கல் தண்ணீரோடு ஏரிக்குப் போகும்.

ஏரிக்குப் போனதும்? பயிருக்கு உரம் என்றால் பாசிக்கும் உரம்தானே! தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகும். ஆகாயத்தாமரை மெத்தை விரிக்கும். (தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக இந்தியாவுக்கு வந்த விருந்தாளி, வந்தவர் இன்னும் கிளம்பவில்லை.) பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். விடிகாலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து மிதக்கும். ஏரிக்கு யாரும் விஷம் வைக்கவில்லை. சாப்பாடு அதிகமாகிச் செத்துப்போகிறது!

இதற்கு வயலில் பெரிய மந்திரம் எதுவும் தேவையில்லை. உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவது, போட்டபின் சில நாள் வடிகால் வாயை மண் வைத்து அடைப்பது. தண்ணீர் நிற்கும் சேற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அங்கே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து, வெறும் நைட்ரஜன் வாயுவாக வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். நெல் வயல் தானே ஒரு சுத்திகரிப்பு நிலையம். அவசரப்பட்டு வடிக்காமல் இருந்தால் போதும்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. அங்கே இன்னும் மோசம். கலிஃபோர்னியாவில் வயல்களுக்கு அடியில் குழாய் புதைத்து, வடிகால் நீரை சான்பிரான்சிஸ்கோ வளைகுடா வரை கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். பணமும் பற்றவில்லை, எதிர்ப்பும் கிளம்பியது. கால்வாய் பாதி வழியில், கெஸ்டர்சன் என்ற நீர்நிலையில் நின்றுவிட்டது. அது பறவைகள் சரணாலயம்! 1983ல் அங்கே கண் இல்லாத, அலகு கோணிய குஞ்சுகள் பொரிந்தன. அந்த மண்ணில் இயற்கையாகவே இருந்த செலினியம் வடிகால் நீரில் கரைந்து வந்து சேர்ந்திருந்தது. 1986க்குள் வடிகாலை அடைத்தார்கள். அயோவா மாநிலத்தில் டி மாய்ன் நகரக் குடிநீர் வாரியமோ, மேலே இருக்கும் மக்காச்சோள வயல்களின் வடிகால் அமைப்புகள் மீது 2015ல் வழக்கே போட்டது. 'உங்கள் நைட்ரேட்டை எடுக்க நாங்கள் ஏன் செலவு பண்ண வேண்டும்?' நியாயமான கேள்விதான். 2017ல் வழக்கு தள்ளுபடி.

நைட்ரேட் என்றால் சும்மா இல்லை. அதே அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற டாக்டர், கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து கொடுத்த கைக்குழந்தைகள் உடம்பு நீலம் பாரிப்பதைப் பார்த்து, 1945ல் எழுதினார். குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. முக்கியமான விஷயம்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. ஆவியாகிற அளவுக்குத் தண்ணீர் குறைந்து, நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

'நாங்கள் ஃபிளாட்டில் இருக்கிறோம் சார், வயலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? கோடையில் தெருமுனையில் வந்து நிற்கும் டேங்கர் லாரி எங்கே நிரப்பிக்கொண்டு வருகிறது? புறநகரைத் தாண்டியுள்ள கிராமங்களின் விவசாயக் கிணறுகளில்தான் பல லாரிகள் நிற்கின்றன. வயலில் இறங்கியதுதான் உங்கள் சம்ப்பில் இறங்குகிறது. போர்வெல் தண்ணீருக்கும் பழைய வயலே கூரை. அதோடு வீட்டுக்கு வீடு இருக்கும் செப்டிக் டேங்க்கும் அதே நைட்ரேட்டைத்தான் கீழே அனுப்புகிறது.

கூடுவாஞ்சேரிக்குத் திரும்புவோம். நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர் என்று ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள், ஜி.எஸ்.டி. ரோடு வளர வளர மனைகளாக மாறின. வயல் போனது. வடிகால் போகவில்லை! சில இடத்தில் குறுகியது, சில இடத்தில் சிமென்ட் பூசிக்கொண்டது. ஆனால், சரிவு அதேதான். தண்ணீர் பழைய வழியில்தான் போகும். முன்பு வயல் சேறும் தழையுரமும் போன பாதையில் இப்போது குளியலறையும் சமையலறையும் கழிவறையும் போகின்றன. வயல் வடிகால் கீழ் ஊருக்குக் கொண்டுபோனதும் நைட்ரஜன், பாஸ்பரஸ்தான். சாக்கடை கொண்டுபோவதும் அதேதான். ஆனால் ஒரு வித்தியாசம்: அதைப் பிடித்து வைத்துக்கொள்ள நடுவில் வயலும் இல்லை, வண்டல் வெட்ட வண்டியும் இல்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில் ஜன்னலில் கடல் மாதிரி விரிகிறதே கொளவாய் ஏரி, அதற்கும் இதே கதிதான். நகரக் கழிவு வந்து சேர்ந்த பிறகு, உபரி நீர் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. பாலாறு வயலூர்ப் பக்கம் கடலுக்கு.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத் திட்டினோம். அந்தப் பகுதிக்கு மேலே இருப்பது இந்தக் கூடுவாஞ்சேரி, ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேருவதே அதற்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான். வெள்ளத்தோடு வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீரும் இல்லை. வடிந்த பிறகு சுவரில் நின்ற கறையும் நாற்றமும் அதைச் சொன்னது.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை அரசு ஆரம்பித்த இடமே மணிமங்கலம் ஏரிதான். விவசாயிகள் வண்டல் எடுக்கவும் அந்த வருஷம் வழிவிட்டார்கள். பழைய குடிமராமத்து ஊரார் கூடிச் செய்தது. 1858ல் வெள்ளைக்கார சர்க்கார் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கி, வராதவனுக்குத் தண்டம் போட்டது. இப்போது டெண்டர், பில், மதிப்பீடு. பெயர் ஒன்றுதான். தூர் எடுத்த ஏரிக்குள் அடுத்த மழையிலேயே சாக்கடை வந்து விழுந்தால் எடுத்த வண்டலை எந்த விவசாயி வயலில் போடுவான்? பிளாஸ்டிக்கும் ஊசியும் கலந்த வண்டல் யாருக்கு வேண்டும்?

வேடந்தாங்கல் மட்டும் ஓரளவு தப்பித்திருக்கிறது. தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. 1998ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வெளியே வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 'பறவை ஏரியில்தானே இருக்கிறது, வெளியே எதற்கு 5 கிலோமீட்டர்?' என்று சிலர் கேட்டார்கள். பறவை சாப்பிடுவது அந்த வெளியில்தான் என்பதை 1798லேயே அந்த ஊர்க் குடியானவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தன.

கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வாங்கியிருக்கிறீர்களா? பீரோவில் இருக்கும் பழைய தாய்ப் பத்திரத்தை ஒருமுறை எடுத்து நான்கெல்லையைப் படித்துப் பாருங்கள். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம் என்று வரும். சில பத்திரங்களில் மட்டும் ஒரு பக்கம் மனிதர் பெயர் இருக்காது. 'ஏரி வாய்க்கால்' என்றோ 'வடிகால் புறம்போக்கு' என்றோ இருக்கும். இருந்தால், வெளியே வந்து அந்தப் பக்கம் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருவேளை உங்கள் கார் நிற்கும்.